சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்ட ப்ரேக்

ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் நாலு வார்த்தையில் முடித்துவிடுவேன் என்று நம்பிக் கேட்ட முதலாளியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ப்ரேக்கை எப்படிப் பிரிப்பது, டைனமோவை எப்படித் துடைப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் கைக்குத் தானாக வந்துவிடும். வராவிட்டால் நீங்களே வேறு தொழிலுக்குப் போய்விடுவீர்கள். நான் சொல்லப் போவது என் வாயால் வந்த ஒரு கோளாறு. அந்தக் கோளாறில் அடையாற்றுப் பாலத்தில் ஐந்து உயிர் போயிருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று என்னுடையது என்பதால் விவரம் நன்றாக ஞாபகமிருக்கிறது.

அது நாற்பதுகளின் கடைசி. சுதந்திரம் வந்துவிட்டது, டயர் இன்னும் வரவில்லை. சீமையிலிருந்து வரவேண்டிய எந்தச் சாமானும் ஒழுங்காக வரவில்லை. மதுவிலக்குச் சட்டம் மட்டும் பட்டணத்துக்குச் சொன்ன தேதியில் வந்து சேர்ந்தது. நான் அப்போது மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு மோட்டார் ஷெட்டில் மேஸ்திரி. எல்லாருக்கும் நான் ‘பாய்’. ஒருவருக்கு மட்டும் ‘சாயபு’. அந்த ஒருவர்தான் ஜட்ஜ் ஐயா.

ஓய்வுபெற்ற ஜட்ஜ். வெள்ளைக்காரன் கொடுத்த ராவ் பகதூர் பட்டம் அவர் வீட்டு வாசல் பலகையில் பளபளவென்று இருந்தது. சுதந்திரத்துக்கு மறுநாள் அந்த இரண்டு வார்த்தையின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டினார். சுரண்டவில்லை, ஒட்டினார். நிலைமை மாறினால் கிழித்துக்கொள்ளலாம் அல்லவா. ஜட்ஜ் வேலை போனபின் தீர்ப்புச் சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்தவருக்கு மதுவிலக்குப் பிரசாரக் கமிட்டியின் தலைமை கிடைத்தது. வாரம் இரண்டு கூட்டம். மாம்பலத்தில் ஒரு நாள், அடையாற்றில் ஒரு நாள். வாழ்நாளில் கள்ளுக்கடைப் பக்கம் போகாத மாமாக்களையும் மாமிகளையும் உட்காரவைத்து, குடிக்காதீர்கள் என்று ஒன்றரை மணி நேரம் கெஞ்சுவார்.

அவருடைய கார் பெரிய கறுப்பு வண்டி. ஓட்டியவன் கன்னியப்பன். நொச்சிக்குப்பத்துக்காரன், மீன்பிடிக் குடும்பம், யுத்த காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டியவன். பீடி உண்டு, குடி கிடையாது. அவன் அப்பன் குடித்துக் கட்டுமரத்தோடு போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவன்.

ஒரு நாள் ஜட்ஜ் ஐயா வண்டியோடு தானும் ஷெட்டுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் ப்ரேக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலால் பெடலை அழுத்தினால் குழாயிலுள்ள எண்ணெய் நாலு சக்கரத்துக்கும் ஓடி ப்ரேக்கைப் பிடிக்கவைக்கும் வகை வண்டி அது. சீமை எண்ணெய் கிடைக்காததால் எல்லா ஷெட்டிலும் நாங்களே கலந்து வைத்திருப்போம். விளக்கெண்ணெய் பாதி, ஸ்பிரிட் பாதி. ஷெட்டில் ஸ்பிரிட் வைத்துக்கொள்ள பர்மிட் உண்டு. ஷெட்டைத் தாண்டி எடுத்துப் போனால் ஜெயில் என்று அந்தப் பர்மிட்டிலேயே எழுதியிருந்தது.

பாட்டிலில் என்ன என்று கேட்டார். தெரிந்ததைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது ஒரு பெருமை. விலாவாரியாகச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

“என் ஆத்து வண்டில சாராயமா ஓடிண்டிருக்கு? நான் மேடையேறிப் பேசிண்டிருக்கேன், வாசல்ல நிக்கிற வண்டி குடிச்சுட்டு நிக்கறதா?”

குடிக்கிற சரக்கு இல்லை, எங்கள் வீட்டிலும் சாராயம் ஹராம்தான், ஆனால் ப்ரேக்குக்கு எந்த மதமும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். விளக்கெண்ணெய் தனியாக ஊற்றினால் பிசுபிசுத்து நிற்கும், குழாயில் ஓடாது என்றும் சொன்னேன். காதில் ஏறவில்லை. ஸ்பிரிட்டைக் கொட்டிவிட்டுச் சுத்தமான எண்ணெய் மட்டும் ஊற்று என்று உத்தரவு போட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். முடியாது ஐயா, வண்டியை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய மனிதர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது, அவர் அந்தப் பக்கம் போனதும் செய்யவேண்டியதைச் செய்வது. எனக்கு முன்னிருந்த மேஸ்திரியும் அப்படித்தான், அவருக்கு முன்னிருந்தவரும் அப்படித்தான். அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்வோம். நானும் தலையாட்டினேன். அவர் கையலம்பப் போன நேரத்தில் வழக்கமான கலவையையே ஊற்றி மூடினேன். திரும்பி வந்தவரிடம், “ஒரு சொட்டு ஸ்பிரிட் இல்லீங்க ஐயா, சுத்த எண்ணெய்” என்றேன்.

கன்னியப்பனிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அவனுக்குப் பொய் சொல்ல வராது, ஜட்ஜ் கேட்டால் உளறிவிடுவான் என்று நினைத்தேன். அவனை வெளியே அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னேன். டீயையும் குடித்தேன்.

என் சாமர்த்தியம் அதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுத ஒன்றுமில்லை. வண்டி ஜோராக ஓடியது. ப்ரேக் கச்சிதமாகப் பிடித்தது. ஜட்ஜ் ஐயா அடுத்த கூட்டத்திலேயே அதை அவிழ்த்துவிட்டார். மோட்டார் ஷெட்காரர்கள் சாராயம் இல்லாமல் ப்ரேக் பிடிக்காது என்கிறார்கள், என் வண்டியைப் பாருங்கள், ஒரு சொட்டு இல்லாமல் பிடிக்கிறது, ஒரு யந்திரமே குடியை விட்டுவிட்டது, மனிதனால் முடியாதா என்று பேசினாராம். ஒரே கைதட்டல். கேள்விப்பட்டு ஷெட்டில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு ப்ரேக் எண்ணெய் கொஞ்சம் குறைந்தது. எங்கோ ஒரு மூட்டில் கசிவு. கன்னியப்பன் ஷெட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டிருக்கிறான். சுத்த எண்ணெய்தானே ஊற்றினான் சாயபு, அதற்கு எதற்கு ஷெட், நம் ஆத்திலேயே செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இருக்கிறது என்று சொல்லிவிட்டார் ஜட்ஜ் ஐயா. விளக்கெண்ணெயைவிட நல்லெண்ணெய் உசத்தி, உடம்புக்குக் குளிர்ச்சி, ப்ரேக்குச் சூடாகாமல் இருக்கும் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை அவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். அன்றைக்கே வண்டிக்கும் ஒரு கரண்டி. இப்படி நாலைந்து சனிக்கிழமை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். நல்லெண்ணெய் பட்டால் ப்ரேக்குக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் ஊறி உப்பிவிடும். முதலில் ப்ரேக் பிடித்துக்கொண்டு விடாது. பிறகு ஒரு நேரத்தில் பிடிக்கவே பிடிக்காது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியில் ஃபியூஸ் அடிக்கடி போகும். எங்கோ ஒரு ஒயர் உரசிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அவசரத்துக்கு டிரைவர்கள் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பார்கள். அதுவே தப்பு. அந்த வண்டிக்குள் சிகரெட் பெட்டித்தாள்கூட நுழையக் கூடாது என்பதால், ஜட்ஜம்மா ஒரு பழைய பட்டுப்புடவையிலிருந்து ஜரிகையை உருவிக் கொடுத்தார். கன்னியப்பன் அதை நாலாக முறுக்கிச் செருகிவிட்டான். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஜரிகை மினுக்கிக்கொண்டிருந்ததை நான் ஒரு தடவை பார்த்தேன். கல்யாணக் களை வந்துவிட்டது வண்டிக்கு என்று கேலி செய்தேன். எடுத்துப் போடவில்லை.

ஒரு நாள் சாயந்திரம் நாலு மணி இருக்கும். ஜட்ஜ் ஐயாவின் வண்டி ஷெட் வாசலில் வந்து நின்றது. அடையாற்றில் கூட்டம். பின்சீட்டில் ஐயாவும் அம்மாவும், நடுவில் நாலு வயதுப் பேத்தி. கடவுள் வாழ்த்து அந்தக் குழந்தைதான் பாடப் போகிறதாம். அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணி போட்டு, தாழம்பூ வைத்துப் பின்னியிருந்தார்கள்.

கன்னியப்பன் இறங்கி வந்தான். “இன்னான்னு தெரியல பாய், வண்டி தன்னாலயே புட்ச்சிக்குது. ஆரோ பின்னால கட்டி இஸ்த்துக்கினு வர்ற மாரி கீது.”

முன்சக்கரத்தின்மேல் கையை வைத்தேன். சுட்டது. இறக்கிப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும் என்றேன். நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் மேடையேறியாக வேண்டும், வழியில் நிற்பதே அபசகுனம், வேண்டுமானால் நீயும் ஏறிக்கொண்டு வழியில் பார்த்துக்கொள் என்றார் ஜட்ஜ். வழியில் எதைப் பார்ப்பது? அப்போதும் முடியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவது தடவை. சாமான் பையை எடுத்துக்கொண்டேன். அதில் அரை பாட்டில் கலவை இருந்தது. முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

சாந்தோம் தாண்டும்போதே வாசனை வந்தது. ஏதோ தீய்கிற வாசனை இல்லையா என்று கேட்டேன். குழந்தை தலையில் போட்ட சாம்பிராணி என்று ஜட்ஜ் ஐயா பின்னாலிருந்து தீர்ப்புச் சொன்னார். சாம்பிராணிக்கும் ஒயர்மேல் சுற்றின துணி கருகுவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இருந்தாலும் எடுத்துப் பேசவில்லை. பாலத்தின்மேல் ஏறின பிறகுதான் கன்னியப்பனிடம் மெதுவாக, ப்ரேக்கில் ஏதாவது கை வைத்தாயா என்று கேட்டேன். நல்லெண்ணெய், சனிக்கிழமைதோறும், ஐயா சொன்னார் என்றான். நிறுத்து என்றேன்.

அவன் அழுத்தினான். முகம் மாறியது. “பெடலு உள்ள போய்க்கினே கீது பாய்” என்றான். குரலை உயர்த்தவில்லை. பின்னால் குழந்தை பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

பாலத்தின் இறக்கம் ஒன்றும் மலைச்சரிவு இல்லை. ஆனால் இறக்கத்தின் முடிவில்தான் வரவேற்புக் கமிட்டி நின்றுகொண்டிருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே வாழைமரமும் தோரணமும், மாலையோடு பெரியவர்கள், நாகஸ்வரம், பின்னால் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் இரண்டு வரிசை. அந்த நேரம் பார்த்து டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை குபுகுபுவென்று கிளம்பியது. ஃபியூஸ் என்று ஒன்று இருந்திருந்தால் அது எரிந்து போய் ஒயரைக் காப்பாற்றியிருக்கும். பட்டு ஜரிகை எரியவில்லை, அதனால் ஒயர் எரிந்தது. ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, யாரும் தொடாமலே ஹாரன் அலற ஆரம்பித்தது.

இரண்டு ஆபத்து ஒரே நேரத்தில். கை இரண்டுதான். நெருப்பை முதலில் பார்ப்பதா, ஓட்டத்தை முதலில் பார்ப்பதா? கண்ணுக்குத் தெரிவது நெருப்பு, கை தானாக அதற்குத்தான் போகும். என் கையும் போனது. ஒயரைப் பிடித்து இழுக்க நீட்டினவன் நிறுத்திக்கொண்டேன். புகையில் சாக நேரமாகும், மோதிச் சாக நேரமாகாது. அதோடு ஒயரைப் பிய்த்தால் ஹாரனும் நின்றுவிடும். அந்த அலறலில்தான் எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். எரியட்டும் என்று விட்டுவிட்டேன். கியரைக் குறை என்று கன்னியப்பனிடம் சொல்லிவிட்டு ஹேண்ட் ப்ரேக்கைப் பிடித்தேன். அது கம்பியில் இழுக்கிற ப்ரேக். அதற்கு நல்லெண்ணெயும் தெரியாது, ஸ்பிரிட்டும் தெரியாது. ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழன்றுவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக, பல்லுப் பல்லாக இழுத்தேன்.

வரவேற்புக் கமிட்டி கலைந்த அழகைச் சொல்லி மாளாது. ஜட்ஜுக்குப் போடவேண்டிய மாலையை ஒருவர் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினார். நாகஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்காமலே சாக்கடையைத் தாண்டினார். பிள்ளைகளை ஒரு டீச்சரம்மா இரண்டு கையாலும் ஓரத்துக்குத் தள்ளினார். கன்னியப்பன் ஒரு வாழைமரத்தைப் பார்த்து வண்டியை விட்டான். அது முறிந்தது, தோரணம் கண்ணாடியில் சுற்றிக்கொண்டது, வண்டி ரோட்டை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பு மணலில் அச்சு புதைய நின்றது. நான் குதித்து பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கையால் பிய்த்தேன். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஹாரன் நின்றது. குழந்தைக்கு நெற்றியில் ஒரு சின்னப் புடைப்பு, அவ்வளவுதான். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

இனிமேல்தான் உண்மையான கோளாறு. கன்னியப்பன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். சக்கரத்திலிருந்து பீய்ச்சியடித்த எண்ணெய் அவன் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கூட்டத்துக்குப் பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு கிட்டே வந்தார். மோந்து பார்த்தார். நான் ஊற்றின பழைய கலவை கொதித்து ஆவியடித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை யாருக்கும் தப்பாது.

“குடிச்சிருக்கான்” என்றார் ஏட்டு.

கமிட்டிக்காரர்களுக்கு அதைவிடத் திருப்தியான காரணம் கிடைக்குமா? குப்பத்து ஆள், டிரைவர், சாராய வாசனை. ஓடிப்போனவர்களெல்லாம் திரும்பி வந்து, அவன் கண் சிவந்திருப்பதைத் தாங்களே பார்த்ததாகச் சொன்னார்கள். புகையில் எல்லார் கண்ணும்தான் சிவந்திருந்தது. கன்னியப்பன் ஜட்ஜ் ஐயாவைப் பார்த்தான். ஜட்ஜ் ஐயா ஆகாயத்தைப் பார்த்தார். ஏட்டு லைசென்ஸை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நட என்றார். போனால் ஆறு மாதம் உள்ளே. வந்தபிறகு எவனும் அவனிடம் சாவி கொடுக்க மாட்டான். வீட்டில் மூன்று பெண் குழந்தைகள்.

அது யாருடைய வாசனை என்று அந்த இடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் ஏட்டு என் பையைத் திறப்பார். உள்ளே அரை பாட்டில். பர்மிட்டில் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. உடனே எழுந்து சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அவனை ரோடுவரை நடத்திக்கொண்டு போகும்வரை மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்திருந்தால்கூட எழுந்திருப்பேனோ என்னவோ. அவன் பார்க்கவில்லை. என்னிடம் எதையும் எதிர்பார்க்கவே அவனுக்குத் தோன்றவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ப் பையை ஏட்டின் காலடியில் வைத்துத் திறந்தேன்.

“அவன் மேல வர்ற வாசனை ப்ரேக்குல இருந்து வந்ததுங்க. ஊத்தினவன் நான். ஸ்பிரிட்டை எடுத்துட்டேன்னு ஐயாகிட்ட பொய் சொன்னேன்.”

ஜட்ஜம்மா குழந்தையின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கணவரிடம் திரும்பி, “வெளக்கெண்ணெ வேற, நல்லெண்ணெ வேறன்னு சமையக்கட்டுல நிக்கிற நேக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?” என்றார்.

ஜட்ஜ் ஐயா கமிட்டியைப் பார்த்தார். நாலைந்து கூட்டங்களில் கைதட்டல் வாங்கிக் கொடுத்த குடிக்காத ப்ரேக், அத்தனை நாளும் நன்றாகக் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏட்டின் தோளில் கைபோட்டுத் தள்ளிக் கூட்டிப்போனார். திரும்பி வந்த ஏட்டு கன்னியப்பனின் சட்டையை இன்னொரு தடவை மோந்து பார்த்தார். ஏதோ மூலிகைத் தைலம் போலிருக்கிறது என்று சொல்லி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். என் பாட்டிலும் அந்தக் கணமே தைலமாகிவிட்டது. ஜட்ஜ் ஐயா நடந்தே பந்தலுக்குப் போனார். சாராயமில்லாத ப்ரேக் இருந்ததால்தான் இன்று உயிர் பிழைத்தோம் என்று பேசினாராம். அன்றைக்கும் கைதட்டல்.

நானும் கன்னியப்பனும் மணலில் புதைந்த வண்டியோடு நின்றோம். நான் உண்மையைச் சொல்லிவிட்ட தெம்பில் இருந்தேன். அவன் கட்டிப்பிடித்துக்கொள்ளாவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொன்னான்.

“ஐயாவாண்ட பொய் சொன்னேன்னு நென்ச்சிக்கினு கீற நீ. ஐயா என்னிக்கினா ப்ரேக்க மெரிச்சிக்கிறாரா? மெரிக்கிறது என் காலு பாய். நீ பொய் சொன்னது என் காலாண்ட.”

நான் குனிந்து சக்கரத்தடி மணலை வார ஆரம்பித்தேன்.

அடுத்த மாதமே அவன் ஜட்ஜ் வீட்டு வேலையை விட்டான். தியாகராய நகரில் ஒரு டாக்டரிடம் ஓட்டினான், பிறகு சொந்தமாக ஒரு டாக்ஸி வாங்கினான். வண்டியை என்னிடம்தான் கொண்டுவருவான். வேறு ஷெட்டுக்குப் போனதில்லை. ரம்ஜானுக்கு என் வீட்டில் சாப்பிடுவான், அவன் பெண்கள் கல்யாணத்துக்கு நான் முதல் ஆளாகப் போய் நின்றிருக்கிறேன். ஆனால் வேலை முடித்து நான் சாவியை நீட்டினால் உடனே வாங்க மாட்டான். பானட்டைத் திறந்து ஃபியூஸைப் பார்ப்பான். ப்ரேக் எண்ணெய் மூடியைத் திருகி, ஒரு விரலை விட்டு மோந்து பார்ப்பான். பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவான். கடைசிவரை ஒரு தடவைகூட மோந்து பார்க்காமல் அவன் என்னிடமிருந்து வண்டியை வாங்கியதில்லை.